‘கிளியர்’ என்ற வினைச்சொல்லும் வன்னி நிலமும்

ஆங்கிலம் கற்பவரைத் திணறடிப்பவை நீளமான சொற்களே என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. நீளமான சொல்லுக்குப் பெரும்பாலும் ஒரே பொருள்தான் இருக்கும்; அகராதியை ஒருமுறை புரட்டினால் போதும். ஆளைக் கவிழ்ப்பவை சின்னஞ்சிறு சொற்களே. கெட், செட், ரன், டேக் முதலான வினைகளுக்குப் பேரகராதிகளில் பக்கம் பக்கமாக இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அந்த வரிசையில் வரும் ‘கிளியர்’ என்ற வினையை இன்று எடுத்துக்கொள்கிறோம்.

இதைத் தெரிவு செய்ததற்குக் காரணம் உண்டு. வன்னியில் வாழ்ந்தவர்கள், வன்னியிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள், வன்னிக்குத் திரும்பி வந்தவர்கள் ஆகிய எல்லோருடைய வாழ்விலும் இந்த ஒரு வினை குறுக்கிட்ட அளவுக்கு வேறெந்த ஆங்கில வினையும் குறுக்கிட்டதில்லை எனலாம். காடு வெட்டினால் கிளியர். இராணுவம் ஒரு பிரதேசத்தைப் பிடித்தால் கிளியர். சோதனைச் சாவடியைக் கடந்தால் கிளியர். மிதிவெடி அகற்றினாலும் கிளியர். காணி உறுதியில் வில்லங்கம் இல்லாவிட்டாலும் கிளியர். ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக நிற்பதைத் தமிழில் சொல்ல முற்பட்டால் ஒவ்வொரு முறையும் வேறு சொல் தேவைப்படுகிறது. அந்தச் சொல்லைத் தெரிவு செய்யும்போது, நாம் அறிந்தோ அறியாமலோ ஒரு பக்கம் சார்ந்துவிடுகிறோம்.

முதலில் சொல்லின் பிறப்பு. இலத்தீனில் ‘கிளாரஸ்’ என்றால் ஒளியுள்ளது, துலக்கமானது, கணீரென்று ஒலிப்பது என்று பொருள். பழைய பிரெஞ்சு மொழி வழியாக இது ஆங்கிலத்துக்கு வந்தது. முதலில் பெயரடையாக வந்து, பதினான்காம் நூற்றாண்டில் வினையாகவும் வழங்கலாயிற்று. இருந்த மறைப்பு நீங்கினால் ஒளி வரும் என்பதுதான் அடிப்படைக் கருத்து. வானம் கிளியர் ஆகிறது என்றால் முகில் விலகுகிறது. நம்மவர் பேச்சில் ‘வானம் வெளித்துவிட்டது’ என்கிறோம். கலங்கிய நீர் தெளிகிறது. மயக்கம் தெளிகிறது. ஐயம் தெளிகிறது. தொண்டையைக் கிளியர் செய்வதற்குச் ‘செருமுதல்’ என்ற அழகான சொல் நம்மிடம் இருக்கிறது. இவையெல்லாம் தீங்கற்ற பயன்பாடுகள். நீரில் இருந்து கலங்கல் அடங்கினால் எவருக்கும் நட்டமில்லை.

சிக்கல் தொடங்குவது இந்த வினைக்குச் செயப்படுபொருள் சேரும் இடத்தில். தமிழில் ‘கூட்டு’ என்ற வினையைப் பாருங்கள். முற்றத்தைக் கூட்டு என்றும் சொல்லலாம். குப்பையைக் கூட்டு என்றும் சொல்லலாம். கிளியர் என்பதும் அவ்வாறே. மேசையைக் கிளியர் செய் என்றால் மேசை அப்படியே இருக்கும், அதன்மேல் உள்ள கோப்பைகள் போய்விடும். கோப்பைகளைக் கிளியர் செய் என்றாலும் அதே வேலைதான். ஒரு வாக்கியத்தில் எஞ்சப்போகும் இடம் செயப்படுபொருள். மற்றதில் அகற்றப்படப்போகும் பொருள் செயப்படுபொருள். இடத்தை மட்டும் சொல்லிவிட்டு, அகற்றப்பட்டது எது என்பதைச் சொல்லாமலே விட்டுவிட ஆங்கில இலக்கணம் இடமளிக்கிறது. செயப்பாட்டு வினையாக்கினால் அகற்றியவர் யார் என்பதும் மறைந்துவிடும். மேசையைப் பற்றிப் பேசும்போது இந்த மௌனத்தால் கேடில்லை. ஒரு மாவட்டத்தைப் பற்றிப் பேசும்போது நிலைமை வேறு.

வன்னியில் இந்த வினையின் மிகப் பழைய பொருள் காட்டோடு தொடர்புடையது. ஜே.பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்களின் கைநூல் முதல் அதன்பின் வந்த நிருவாக ஆவணங்கள் வரை, வன்னி என்றால் காடும் குளமும் அவற்றின் இடையே சிறு வெளிகளுமே. காட்டை வெட்டி, எரித்து, விதைத்து, சில போகங்களின் பின் மீண்டும் காட்டிடமே விட்டுவிடும் சேனைப் பயிர்ச்செய்கை ஒருபுறம். குளத்தின் கீழ் நிரந்தர வயல் மறுபுறம். இரணைமடுக் குளம் இருபதாம் நூற்றாண்டின் முதல் இரு தசாப்தங்களில் கட்டப்பட்டது. 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வந்த பின், அரச காணியை அனுமதிப்பத்திரத்தில் பெற்றுக் குடியேறும் முறை பரவலாயிற்று. யாழ்ப்பாணத்திலிருந்தும், பின்னர் 1977 வன்செயல்களைத் தொடர்ந்து மலையகத்திலிருந்தும் வந்தவர்கள் காட்டோடு மல்லுக்கட்டியே குடியிருப்புகளை உருவாக்கினர். யானையும் மலேரியாவும் தின்றது போக எஞ்சியதே அவர்களுக்கு விளைச்சல்.

இந்த வேலைக்குத் தமிழில் வழங்கும் சொல் ‘திருத்துதல்’. காடு திருத்திக் கழனியாக்கினார்கள் என்பது மரபு. பிழை திருத்துவதற்கும் இதே சொல்தான். தீயவன் திருந்துவதற்கும் இதன் உடன்பிறப்புத்தான். ஆகவே ‘திருத்தினான்’ என்று சொல்லும்போதே செய்தது நல்ல காரியம் என்ற தீர்ப்பும் உடன் வந்துவிடுகிறது. ‘காடழித்தான்’ என்றால் அதற்கு நேர்மாறான தீர்ப்பு. ஆங்கிலத்தின் கிளியர் இவ்விரண்டுக்கும் நடுவே எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கிறது. மொழிபெயர்ப்பவர் மட்டும் அப்படி நிற்க முடியாது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுமாறு வாசகரைக் கேட்டுக்கொள்கிறோம். முசலியைப் பற்றிப் பேசும்போது மீண்டும் இங்கு வரவேண்டியிருக்கும்.

போர்க்காலத்தில் இந்த வினை புதிய பதவி பெற்றது. அரசாங்கத்தின் ஆங்கில அறிக்கைகளில் நாட்டின் வட கிழக்கு இரண்டாகப் பிரிக்கப்பட்டது. படையினர் வசமிருந்தது கிளியர்ட் ஏரியா. விடுதலைப் புலிகள் வசமிருந்தது அன்கிளியர்ட் ஏரியா. எதிலிருந்து கிளியர் செய்யப்பட்டது என்பதை அந்தத் தொடர் சொல்லவில்லை. ஆயுததாரிகளிடமிருந்து என்பதே சொன்னவர்களின் விளக்கமாக இருந்திருக்கலாம். ஆனால் அப்பகுதியில் இலட்சக்கணக்கான குடிமக்கள் வாழ்ந்தனர். ஓர் இடம் ‘இன்னும் கிளியர் செய்யப்படவில்லை’ என்று கூறப்படும்போது, அங்கே குடியிருப்பவரும் அகற்றப்படாமல் எஞ்சியிருக்கும் ஏதோவொன்றாகவே தோற்றமளிப்பார். அடைமொழி ஆளின்மேலும் ஒட்டிக்கொண்டது. அன்கிளியர்ட் ஏரியாவிலிருந்து வந்தவர் என்பதற்காகவே வவுனியாவில் பாஸ் எடுத்து, அதைப் புதுப்பித்துப் புதுப்பித்துத் தங்கியவர்கள் எத்தனையோ பேர். சீமெந்து, உரம், எரிபொருள், பற்றரி ஆகியவை அந்தப் பகுதிக்குள் தாராளமாகச் செல்ல முடியாதவாறு தடுக்கப்பட்டிருந்த ஆண்டுகளை நினைவில் வைத்திருப்போர் இன்றும் நம்மிடையே உள்ளனர். அந்தத் தடைகளில் பெரும்பாலானவை 2002ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே நீக்கப்பட்டன.

தமிழ்ப் பத்திரிகைகள் அக்காலத்தில் பட்ட பாட்டையும் இங்கே பதிவு செய்யவேண்டும். அன்கிளியர்ட் என்பதற்குச் சொல்லுக்குச் சொல் ‘துப்புரவாக்கப்படாத பகுதி’ என்று எழுதினால் வாசகன் சிரிப்பான், அல்லது அழுவான். ‘விடுவிக்கப்படாத பகுதி’ என்று அரச தரப்பு எழுதியது. ‘கட்டுப்பாடற்ற பகுதி’ என்று வேறு சிலர் எழுதினர். அதாவது அரச கட்டுப்பாடு அற்ற பகுதி என்பது கருத்து; ஆனால் ஓமந்தையைக் கடந்து உள்ளே சென்று வந்த எவரும், அங்கே கட்டுப்பாடு இல்லை என்று சொல்லமாட்டார். வன்னியிலிருந்து வெளிவந்த ஏடுகளிலோ அதே பகுதிதான் ‘விடுவிக்கப்பட்ட பகுதி’. இவ்வாறாக 1998 செப்டெம்பருக்கும் 2009 ஜனவரிக்கும் இடைப்பட்ட காலத்தில் கிளிநொச்சி நகரம் ஒரு பத்திரிகையில் விடுவிக்கப்படாததாகவும் மற்றொன்றில் விடுவிக்கப்பட்டதாகவும் ஒரே நாளில் இருந்தது. 2009 ஜனவரி 2ஆம் திகதி படையினர் நகரைக் கைப்பற்றியபோது, முதல் வகை ஏட்டின் கணக்கில் அது விடுவிக்கப்பட்டது. அந்த நேரத்தில் நகரில் மக்கள் இருக்கவில்லை.

‘புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதி’, ‘படையினரின் கட்டுப்பாட்டுப் பகுதி’ என்று எழுதியவர்களே நமது நோக்கில் சரியாக எழுதியவர்கள். யாருடைய கட்டுப்பாடு என்ற தகவல் அந்தத் தொடரிலேயே இருக்கிறது. கேட்பதற்கு அழகில்லை, ஆனால் வாசகனிடமிருந்து எதையும் மறைக்கவில்லை.

ஓர் இடத்தை மனிதரிடமிருந்து கிளியர் செய்வது என்றால் என்ன என்பதை வட மாகாண முஸ்லிம்களைவிட நன்கறிந்தவர் இல்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் அவர்களை வெளியேற்றினர். வட மாகாணம் முழுவதிலுமாகச் சுமார் 75,000 பேர் என்பது பொதுவாகக் கூறப்படும் தொகை. யாழ்ப்பாண நகரில் அக்டோபர் 30ஆம் திகதி கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டே மணித்தியாலம். முல்லைத்தீவில் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம், கிளிநொச்சியில் நாச்சிக்குடா என்று தலைமுறை தலைமுறையாக அயலவராக வாழ்ந்தவர்கள், உடுத்த உடையுடன் தெற்கு நோக்கி நடந்தனர். பெரும்பாலானோர் புத்தளத்தில் ஒதுங்கினர். இதனை ஆங்கிலத்தில் எத்னிக் கிளென்சிங் என்பர். தமிழில் இனச்சுத்திகரிப்பு என்று எழுதுகிறோம். கிளென்ஸ் என்பது கிளீன் என்ற வேறொரு வேரிலிருந்து வந்த சொல். கிளியருக்கும் அதற்கும் உறவில்லை. ஆயினும் இரண்டும் ஒரே உருவகத்தைப் பயன்படுத்துகின்றன. போகின்ற மனிதன் அழுக்கு, எஞ்சுகின்ற நிலம் சுத்தம் என்பதே அந்த உருவகம். ‘சுத்திகரிப்பு’ என்ற தமிழாக்கத்தில் அந்தக் கொடூரம் இன்னும் கூடுதலாகத் தெறிக்கிறது. ‘வெளியேற்றம்’ என்ற நேரான சொல்லையே பாதிக்கப்பட்டவர்கள் பெரிதும் பயன்படுத்துகின்றனர் என்பது கவனிக்கத்தக்கது.

மனிதனே செயப்படுபொருளாக வரும்போது கிளியர் வேறொரு முகம் காட்டும். ஒருவர்மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டு நீங்கினால் அவர் கிளியர் செய்யப்பட்டவர். நீதிமன்றச் செய்தியில் ‘குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார்’ என்கிறோம். இங்கும் ‘விடுவி’ வந்துவிட்டதைக் கவனியுங்கள். குற்றச்சாட்டே இல்லாதவரை எதிலிருந்து கிளியர் செய்வது? 2009இல் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் வன்னிப் போர்க்களத்திலிருந்து வெளியேறி, பெரும்பாலும் வவுனியா மாவட்டத்தின் செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் அடைக்கப்பட்டபோது எழுந்தது இந்தக் கேள்விதான். எவர் மீதும் வழக்கு இல்லை. ஆனால் எல்லோரும் கிளியரன்ஸுக்காகக் காத்திருந்தனர். அந்த முகாம் முற்றாக மூடப்பட்டது 2012 செப்டெம்பரில். இறுதியாக வெளியே கொண்டுவரப்பட்டவர்களுள் கேப்பாப்புலவு மக்களும் அடங்குவர். அவர்களுக்குப் போக அனுமதி கிடைத்தது. போவதற்கு ஊர் கிடைக்கவில்லை. அவர்களது காணிகளில் படைமுகாம் இருந்தது. அவ்வூரின் ஒரு பகுதியான பிலக்குடியிருப்பு மக்கள் 2017 ஜனவரி இறுதியில் வீதியோரத்தில் அமர்ந்து போராடத் தொடங்கி, மார்ச் மாதத் தொடக்கத்தில் தமது காணிகளுக்குள் நுழைந்தனர். செய்தித் தலைப்பு: காணி விடுவிப்பு.

மிதிவெடி அகற்றும் துறையினர் இந்த வினையை எவ்வளவு கவனமாகக் கையாள்கின்றனர் என்பதைப் பார்த்தால், மற்றத் துறையினர் வெட்கப்பட வேண்டியிருக்கும். சர்வதேச மிதிவெடிச் செயற்பாட்டுத் தர விதிகளில், சந்தேகத்துக்குரிய ஒரு நிலத்தை மக்களிடம் கையளிப்பதற்கு மூன்று வேறுபட்ட வினைகள் உள்ளன. ஊர்மக்களையும் முன்னாள் போராளிகளையும் படையினரையும் விசாரித்து, ஆவணங்களை ஆராய்ந்து, இங்கே வெடிபொருள் இருப்பதற்குச் சான்றில்லை என்று முடிவு செய்தால் அந்த நிலம் பட்டியலிலிருந்து ‘நீக்கப்பட்டது’. கருவிகளுடன் உள்ளே இறங்கி ஓரளவு சோதித்துப் பார்த்து எல்லையைச் சுருக்கினால் ‘குறைக்கப்பட்டது’. குறிக்கப்பட்ட எல்லைக்குள் ஒவ்வோர் அங்குலத்தையும் சோதித்து, குறிக்கப்பட்ட ஆழம் வரை இருந்த எல்லா வெடிபொருள்களையும் எடுத்தாலோ அழித்தாலோ மட்டுமே ‘கிளியர் செய்யப்பட்டது’. எல்லை எது, ஆழம் எவ்வளவு என்பது எழுதப்படாமல் அந்தச் சொல்லைப் பயன்படுத்த முடியாது. ஆழத்தைச் சொன்னதிலேயே ஓர் எச்சரிக்கையும் அடங்கியிருக்கிறது: அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கிணறு வெட்டுபவரும் வீட்டு அத்திவாரம் தோண்டுபவரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது.

வன்னி மண்ணில் இந்த வேலை நடந்த விதமும் தனித்துவமானது. பிளாஸ்ரிக்கிலும் மரப்பெட்டியிலும் செய்யப்பட்ட மிதிவெடிகளில் உலோகம் மிகக் குறைவு. போர் நடந்த மண்ணில் சன்னத் துண்டுகளோ மிக அதிகம். உலோகம் காட்டும் கருவி ஓயாமல் ஒலித்துக்கொண்டே இருக்கும். எனவே மண்ணை வாரிகளால் பக்கவாட்டில் மெல்லச் சுரண்டி, வெடியை அதன் விளிம்பிலிருந்து வெளிக்கொணரும் முறை 2002ஆம் ஆண்டு யுத்த நிறுத்தத்தின் பின்னர் இங்கே பரவலாகக் கைக்கொள்ளப்பட்டது. தோட்டக்காரனின் கருவி உயிர்காக்கும் கருவியானது. இந்தப் பணியில் பெண்கள் பெருமளவில் ஈடுபட்டனர்; குடும்பத்தில் உழைப்பவரைப் போரில் இழந்தவர்கள் பலர். கிளிநொச்சி மாவட்டத்தின் பச்சிலைப்பள்ளிப் பிரதேசத்திலுள்ள முகமாலை, இரு தரப்பினரதும் முன்னரங்குகள் ஆண்டுக்கணக்கில் எதிரெதிரே நின்ற இடமாகையால், நாட்டின் மிகப்பெரிய மிதிவெடி வயலாக இருந்தது. இலங்கை 2017 டிசெம்பர் 13இல் ஒட்டாவா உடன்படிக்கையில் இணைந்தது. 2018 ஜூன் 1இல் அது இலங்கைக்கு நடைமுறைக்கு வந்தது. மிதிவெடிகளை முற்றாக அகற்றுவதற்கு அந்த உடன்படிக்கையின் 5ஆம் உறுப்புரை கொடுக்கும் காலம் பத்து ஆண்டுகள்.

இத்துறையிலும் ஒரு குழப்பம் உண்டு. மேலே சொன்ன மூன்று வினைகளுக்கும் பொதுவான பெயராக ‘லாண்ட் ரிலீஸ்’ என்கிறார்கள். அதைத் தமிழாக்கினால் ‘காணி விடுவிப்பு’. இராணுவம் முகாமை விட்டகல்வதும் காணி விடுவிப்பு. ஒரே கிராமத்தில் ஒருவருடைய காணி மிதிவெடியிலிருந்து விடுவிக்கப்பட்டு இராணுவத்திடமிருந்து விடுவிக்கப்படாமலும், அடுத்தவருடையது இராணுவத்திடமிருந்து விடுவிக்கப்பட்டு மிதிவெடியிலிருந்து விடுவிக்கப்படாமலும் இருக்க முடியும். ‘விடுவிக்கப்பட்டது’ என்று மட்டும் எழுதும் செய்தியை நம்பி மண்வெட்டியோடு புறப்படுவது ஆபத்தானது.

இனி, முன்பு நிறுத்திவைத்த காட்டுக்கு வருவோம். இருபது ஆண்டு மனித நடமாட்டம் இல்லாத வன்னி நிலம் எப்படி இருக்கும் என்பதை அறியாதவர்கள் கொழும்பில் அதிகம். முதல் மாரியிலேயே பற்றை எழும். ஐந்தாம் ஆண்டில் வளவின் எல்லை தெரியாது. இருபதாம் ஆண்டில் அது செய்மதிப் படத்தில் காடு. உள்ளே நுழைந்து பார்த்தால் தூர்ந்த கிணறும், ஓங்கிய மாமரமும், வீட்டின் அத்திவாரமும், சில இடங்களில் பள்ளிவாசலின் அல்லது கோயிலின் சுவரும் தென்படும். திரும்பி வந்த முஸ்லிம் குடும்பங்களின் முதல் வேலையும், திரும்பி வந்த தமிழ்க் குடும்பங்களின் முதல் வேலையும் ஒன்றே: கத்தியும் கோடரியும் எடுத்துப் பற்றை வெட்டுவது. ‘எங்கள் காணியைத் துப்புரவாக்கினோம்’ என்று அவர்கள் சொன்னார்கள். ‘காட்டை அழித்தார்கள்’ என்று மற்றவர்கள் சொன்னார்கள். இரண்டு தரப்பும் ஆங்கிலத்தில் பேசியிருந்தால் ஒரே வினையைத்தான் பயன்படுத்தியிருக்கும்.

வன்னித் தேர்தல் மாவட்டத்தின் ஓர் அங்கமான மன்னாரில், முசலிப் பிரதேசத்து மறிச்சுக்கட்டி, கரடிக்குளி ஆகிய ஊர்களின் கதை நாடறிந்தது. 1990இல் வெளியேற்றப்பட்ட மக்கள் முழுமையாகத் திரும்பு முன்னரே, 2012 ஒக்டோபரில் அப்பெயர்களைத் தாங்கிய ஒதுக்கக் காடு வர்த்தமானியில் பிரகடனப்படுத்தப்பட்டது. பின்னர் 2017இல் அது மேலும் பெரிய மாவில்லு ஒதுக்கத்தினுள் சேர்க்கப்பட்டது. இடையில் ‘வில்பத்துவை அழிக்கிறார்கள்’ என்ற கோஷம் நாடெங்கும் எழுந்தது. 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம், கல்லாறு வனப்பகுதியில் குடியேற்றத்துக்காக நடந்த காடழிப்பு சட்டவிரோதமானது எனத் தீர்ப்பளித்து, அங்கே மீண்டும் காடு வளர்ப்பதற்கான செலவை முன்னாள் அமைச்சர் ரிஷாட் பதியுதீன் ஏற்கவேண்டுமெனப் பணித்தது. இந்த விவகாரத்தில் இரண்டு வினாக்கள் ஒன்றாகக் கலந்துவிட்டன என்பது நமது கருத்து. என்றுமே குடியிராத காட்டை வெட்டியது ஒரு வினா. குடியிருந்து, துரத்தப்பட்டு, காடாகிப்போன வளவை வெட்டியது வேறொரு வினா. முன்னதற்கு ‘அழித்தல்’ பொருந்தும். பின்னதற்கு ‘திருத்துதல்’ பொருந்தும். ஒரே ஊரில் ஓர் ஏக்கர் முதலாவதாகவும் அதை அடுத்த ஏக்கர் இரண்டாவதாகவும் இருந்திருக்கலாம். ஆங்கிலத் தலைப்புச் செய்திகளில் அந்த வேறுபாட்டுக்கு இடமிருக்கவில்லை. அவற்றை அப்படியே தமிழாக்கிய செய்திகளிலாவது இருந்திருக்கலாம்.

இது முஸ்லிம்களின் பிரச்சினை மாத்திரம் என்று தமிழ் வாசகர் எண்ணவேண்டியதில்லை. முல்லைத்தீவின் கரையோரத்தில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்கள் 1984 டிசெம்பரில் ஊரைவிட்டுப் போகுமாறு பணிக்கப்பட்டனர். கால் நூற்றாண்டுக்கு மேல் கழித்துத் திரும்பியபோது அவர்களது வயல்களில் ஒரு பகுதி காடாகவும் ஒரு பகுதி வேறு குடியேற்றத் திட்டத்தினுள்ளும் இருந்தது. மரத்தின் உயரத்தை அளந்து உரிமையைத் தீர்மானிக்கும் முறை, யார் துரத்தியது, யார் துரத்தப்பட்டது என்று பார்ப்பதில்லை.

அடுத்தது உறுதி. காணி வாங்குபவர் நொத்தாரிசிடம் முதலில் கேட்பது, ‘கிளியர் டைட்டிலா?’ என்பதுதான். அடமானம், வழக்கு, பங்குத் தகராறு எதுவும் இல்லாத உறுதி என்பது அதன் பொருள். வில்லங்கமில்லாத காணி என்று நம் முன்னோர் எழுதினர். இதைவிடச் சிறந்த தமிழாக்கம் இல்லை. வன்னியில் இது எளிதான காரியமன்று. அனுமதிப்பத்திரம் தறப்பாள் கொட்டிலோடு எரிந்திருக்கும். கச்சேரியில் இருந்த பிரதியும் ஷெல்லடியில் போயிருக்கும். போதாக்குறைக்கு, பத்து ஆண்டுகள் தடையின்றி ஆட்சி செய்தவருக்கு உரிமை பிறக்கும் என்ற பழைய ஆட்சியுரிமைச் சட்டம் இடம்பெயர்ந்தவரின் தலைக்குமேல் கத்தியாகத் தொங்கியது. போரினால் தம் காணிக்குச் சென்று உரிமை கோர முடியாமற்போனவர்களுக்கு எதிராக அந்தக் காலத்தைக் கணக்கிடாதிருக்கும் வகையில் 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் கொண்டுவரப்பட்டது. ஆனால் வழக்குத் தாக்கல் செய்வதற்கு அதில் குறுகிய கால எல்லை இருந்தது. புத்தளத்திலும் சென்னையிலும் இருந்த எத்தனை பேருக்கு அது உரிய வேளையில் எட்டியது என்பது வேறு கதை.

எஞ்சிய பயன்பாடுகளை விரைவாகச் சொல்லிவிடலாம். வங்கியில் காசோலை கிளியர் ஆவது என்றால் பணம் கணக்கில் சேர்வது. வைப்பிட்டது மட்டும் போதாது. சுங்கத்தில் பொருளைக் கிளியர் செய்வது தீர்வை செலுத்தி வெளியே எடுப்பது. வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர் எடுக்கும் பொலிஸ் கிளியரன்ஸ், அவர்மீது குற்றப்பதிவு இல்லை என்ற சான்று மாத்திரமே. அவர் நல்லவர் என்பதற்கு எந்தப் பொலிஸ் நிலையமும் சான்று தராது. கடைகளின் கிளியரன்ஸ் சேல் மிச்சச் சரக்கைத் தள்ளிவிடும் விற்பனை. குதிரை வேலியைக் கிளியர் செய்தது என்றால் வேலியைப் பிடுங்கியதாகப் பொருளில்லை, அதில் படாமல் தாண்டியது என்பதே பொருள். மாணவர்கள் அடிக்கடி தவறும் இடம் இது. பரீட்சையைக் கிளியர் பண்ணிவிட்டான் என்று பிள்ளைகள் சொல்வதும் இந்தத் தாண்டுதலிலிருந்து வந்ததே. பின்னால் ஒட்டும் சிறு சொற்களும் பொருளை மாற்றும். ‘அப்’ சேர்ந்தால் ஒழுங்குபடுத்துதல், அல்லது புதிரை விளக்குதல். ‘அவுட்’ சேர்ந்தால் உள்ளிருப்பதையெல்லாம் வெளியே எடுத்தல். ‘ஓஃப்’ சேர்ந்தால் ‘ஓடிப்போ’ என்ற அதட்டல். மேலதிகாரியிடம் பயன்படுத்தக் கூடாது.

கடனைக் கிளியர் செய்வது பற்றி மட்டும் ஒரு சொல் கூடுதலாக. தமிழில் கடனைத் ‘தீர்க்கிறோம்’. தாகம் தீர்வதும் நோய் தீர்வதும் வழக்குத் தீர்வதும் அந்த வினையால்தான். முஸ்லிம் ஊர்களில் ஜனாஸாத் தொழுகைக்கு முன்பாக, மரணித்தவருக்கு யாருக்கேனும் கடன் கொடுக்கவேண்டியிருந்தால் வாரிசுகள் அதைத் தாம் ஏற்பதாக எழுந்துநின்று அறிவிப்பது வழக்கம். கோயிலில் நேர்த்திக்கடன் தீர்ப்பவருக்கும் மனத்தில் அதே பாரம், அதே நிம்மதி. வங்கி தரும் ரசீதில் உள்ள கிளியர்ட் என்ற முத்திரையில் இது எதுவும் இல்லை.

இறுதியாக, நடைமுறை சார்ந்த ஒரு குறிப்பு. வன்னியில் காணி தொடர்பான கடிதங்கள் இன்னமும் பலருக்கு ஆங்கிலத்தில் அல்லது சிங்களத்தில் வருகின்றன. ‘உங்கள் காணி கிளியர் செய்யப்பட்டுள்ளது’ என்று ஒரு வரி இருந்தால், அதில் குறைந்தது நான்கு பொருள்களுக்கு இடமுண்டு. மிதிவெடி அகற்றப்பட்டது. படையினர் அகன்றனர். பற்றை வெட்டப்பட்டது. உரிமையில் தடை இல்லை. நான்கும் ஒருங்கே உண்மையாக இருப்பது அரிது. வட கிழக்கில் நிருவாக மொழி தமிழ் என்பதை 1988ஆம் ஆண்டின் 16ஆவது அரசியலமைப்புத் திருத்தம் உறுதிப்படுத்துகிறது. ஆகவே கடிதம் பெற்றவர் பிரதேச செயலகத்துக்குத் தமிழிலேயே பதில் எழுதலாம். இரண்டு வரி போதும்: ‘எமது காணி எதிலிருந்து, யாரால், எந்த எல்லை வரை துப்புரவாக்கப்பட்டது என்பதைத் தமிழில் எழுத்துமூலம் அறியத் தரவும். வரைபடம் இருப்பின் அதன் பிரதியொன்றையும் இணைத்து அனுப்பவும்.’